பல்வலிக்காரர் முதலில் போவது டிஸ்பென்சரிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

போயா தினத்திலும் ஞாயிறு மாலையிலும் கொழும்பில் பல் வைத்தியர்களின் கதவுகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். தெருமுனையில் குடும்ப வைத்தியரின் டிஸ்பென்சரி திறந்திருக்கும். அதனால் பல்வலி, முகவீக்கம், பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத இரத்தம், விழுந்து பல் கழன்ற பிள்ளை எல்லாம் முதலில் போய்ச் சேருவது குடும்ப வைத்தியரிடம். அதில் பிழை இல்லை. அந்த அறையிலேயே, ஏற்கனவே இருக்கும் பொருட்களைக் கொண்டு அவர் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதிற் பெரும்பகுதிக்கு அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் கெப்சூலே தேவையில்லை. பல் வைத்தியர்களாகிய நாங்கள் இதைக் குடும்ப வைத்தியர்களுக்கும் அவர்களிடம் போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

வழமையாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். "பல் வலிக்குது டொக்டர்" என்றதும் ஐந்து நாளுக்கு அமொக்சிசிலின், இடுப்பில் டைக்குளோபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி ஒன்று, சிறு வெள்ளை உறைகளில் பெயர் எழுதாத குளிசைகள். வைத்தியரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. கெப்சூல் தராத டொக்டர் "ஒண்டும் தரேல்ல" என்று பெயர் வாங்குவார். அடுத்த முறை நோயாளி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்.

ஆனால் இரவில் தூங்கவிடாத அந்த வலிக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்திசு இருக்கிறது, பற்கூழ் என்பார்கள். சூத்தை அதுவரை இறங்கினால் அது வீங்கும். உடம்பின் வேறெந்த இடமென்றாலும் வீங்குவதற்கு இடமுண்டு. இங்கே நாலாபக்கமும் கடினமான சுவர். உள்ளே அமுக்கம் ஏற, வேர்நுனியால் நுழையும் நூலளவு இரத்தக் குழாய் நசிந்துபோகிறது. மருந்து இரத்தத்தோடுதான் போகவேண்டும். இரத்தம் போகாத இடத்துக்குக் கெப்சூல் எந்த வழியாகப் போகும்? அதோடு, அந்தக் கட்டத்தில் வலிக்குக் காரணம் அழற்சியும் அமுக்கமும். கிருமி அழிந்தாலும் அமுக்கம் இறங்காது. அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, பல் சிகிச்சை உடனே கிடைக்காத நிலையிலும்கூட இந்த வலிக்கு அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

பிறகு ஏன் பலருக்குக் "கெப்சூலில் சுகம்" வருகிறது? சில நாளில் நரம்பு தானாகவே செத்துவிடுகிறது. செத்த நரம்பு வலிக்காது. பெயர் கெப்சூலுக்குப் போகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து அதே பல்லின் வேரடியில் சீழ் கட்டி முகம் வீங்கும்போது, முன்னைய வலியோடு யாரும் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. நின்ற வலியை நம்பிப் பல் வைத்தியரிடம் போகாமல் விடுவதுதான் உண்மையான நட்டம்.

எந்தக் கட்டம் என்று அறிய எக்ஸ்ரே தேவையில்லை. பனிக்கட்டித் துண்டொன்றைக் கோசில் சுற்றிப் பல்லில் வைத்து எடுங்கள். எடுத்த சில விநாடிகளில் கூச்சம் போய்விட்டால் நரம்பு இன்னும் தேறக்கூடும். அரை நிமிடத்துக்கு மேலும் வலி இழுத்துக்கொண்டு நின்றால் இனித் தேறாது. சூடு பட்டால் வலியும் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் சுகமும் என்று நோயாளி சொன்னால் நரம்பு சாகும் தறுவாயில் இருக்கிறது. வாய்க்கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாக மெதுவாகத் தட்டும்போது ஒன்றில் மட்டும் துள்ளினால் அழற்சி வேர்நுனியைத் தாண்டிவிட்டது. வலி தொடங்கும் நாட்களில் எந்தப் பல் என்று நோயாளிக்கே சொல்லத் தெரியாது, மேலா கீழா என்றுகூட மாறிச் சொல்வார். ஆகவே அவர் விரல் காட்டிய பல்லைத்தான் குற்றவாளி என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

வலிக்குச் சிறந்தது மலிவானதுதான்: ஐபுபுரோபன் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிக்கொரு தரம், அதோடு பனடோல் (பரசிட்டமோல்) இரண்டு, அதாவது 1 கிராம், ஆறு மணிக்கொரு தரம். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துக் கொடுக்கும்போது தனித்தனியே கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். பரசிட்டமோல் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் இன்னும் குறைவு. தடிமன் மருந்துக்குள்ளும் பரசிட்டமோல் இருப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குடற்புண், சிறுநீரக நோய், வலிக்குளிசையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஐபுபுரோபன் வேண்டாம், பரசிட்டமோலோடு நிறுத்துங்கள்.

இவ்வூருக்கென்று ஒரு எச்சரிக்கை தனியாக வேண்டும். பல்வலியோடு காய்ச்சலும் இருந்தால், முகத்தில் வீக்கம் எதுவும் இல்லாவிட்டால், அந்தக் காய்ச்சலைப் பல்லின் கணக்கில் போடாதீர்கள். கொழும்பில் அது டெங்காக இருக்கலாம். ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் அங்கே ஆபத்து; தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் இரத்தக்கட்டை உண்டாக்கும். இரத்தப் பரிசோதனை பார்க்கும்வரை பரசிட்டமோல் மட்டும். பல் முரசிலிருந்து தானாக இரத்தம் கசிகிறது என்று காய்ச்சல்காரர் சொன்னால் அவரைப் பல் வைத்தியரிடம் அனுப்பாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

திறந்த சூத்தைக்குக் கராம்பு எண்ணெய் நல்ல மருந்து, அளவோடு. மிளகளவு பஞ்சை அதில் நனைத்து, கோசில் ஒற்றி, இடுக்கியால் குழிக்குள் வைக்கவேண்டும். போத்தலோடு முரசில் ஊற்றினால் தோல் வெந்து, பல்வலியோடு புண்ணும் சேரும். அஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்பவர்களுக்கும் இதே கதி; வெள்ளையாக வெந்த முரசைச் சீழ் என்று நினைத்து அன்டிபயோட்டிக் எழுதியவர்கள் உண்டு. சிங்க் ஒட்சைட்டுத் தூளைக் கராம்பு எண்ணெயில் புட்டு மாப்போலக் கெட்டியாகக் குழைத்துக் குழியை மூடலாம், பல் இன்னும் குளிரை உணரும்வரை மட்டும். தட்டினால் துள்ளும் பல்லை, சீழ் நாற்றமடிக்கும் பல்லை மூடினால் வாயு வெளியேற வழியின்றி அன்றிரவு வலி பல மடங்காகும்.

இனி வீக்கம். முரசில் மட்டும் ஒரு பரு, காய்ச்சல் இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் அவசரம் சீழை வெளியேற்றுவதில்தான். பஞ்சுபோல் அமுங்கும் இடத்தில், கன்னத்துக்கும் முரசுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், 11ஆம் இலக்கப் பிளேடால் எலும்பைத் தொடும்வரை ஒரு சிறு கீறல், பிறகு சேலைன் உப்புநீரால் கழுவல். சிறு அறுவை செய்து பழகிய எந்த வைத்தியருக்கும் இது கைவரும். செய்யக்கூடாத இடங்கள் மூன்று: அண்ணம், அங்கே இரத்தக் குழாய் ஓடுகிறது, நாவின் அடி, கீழ்ச் சிறுகடைவாய்ப் பற்களின் வெளிப்புறம், அங்கே உதட்டுக்கான நரம்பு வெளியே வருகிறது. சீழுள்ள இடத்தில் விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்காது, திசு அமிலமாக இருப்பதே காரணம். ஊசியைச் சீழுக்குள் போடாமல் சுற்றியுள்ள நல்ல திசுவில் போடுங்கள்.

வீக்கம் முகத்துக்குப் பரவினால், காய்ச்சலும் கழுத்தில் நெறியும் இருந்தால், அப்போதுதான் கெப்சூலுக்கு வேலை. அமொக்சிசிலின் 500 மி.கி. நாளுக்கு மூன்று வேளை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, சாராயத்தைத் தொடக்கூடாது, வோபரின் எடுப்பவருக்குக் கொடுத்தால் இரத்தம் கண்டபடி இளகும். இரண்டு மூன்று நாளில் திரும்பப் பாருங்கள். ஐந்து நாள் கழித்து "சுகமில்லாட்டி வாங்கோ" என்பது காணாது. நீரிழிவுக்காரர் என்றால் விரலில் குத்தி உடனே சீனி பாருங்கள். சீனி ஏறியிருக்கும்வரை வீக்கம் மருந்துக்கு எளிதில் மசியாது. இருதய வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சலும் பல் நோயும் சேர்ந்திருந்தால் முதல் கெப்சூலுக்கு முன்பே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள், இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று அறிய இரத்தக் கல்ச்சர் எடுக்கவேண்டும்.

சில வீக்கங்களுக்கு டிஸ்பென்சரியில் ஒரு நிமிடமும் செலவழிக்கக்கூடாது. வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. நாவின் அடி பலகைபோல் கெட்டியாகி நாக்கு மேலே தள்ளப்படுகிறது. எச்சிலை விழுங்க முடியாமல் வடிகிறது. வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறிவிட்டது. நாடிக்கடியில் இரண்டு பக்கமும் வீக்கம். கண் மூடும் அளவுக்கு மேற்கன்னம் வீங்கிவிட்டது. இவற்றில் ஒன்றிருந்தாலும் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ். வீக்கம் மூச்சுக் குழாயை அடைக்கப் போகிறது என்பதுதான் பயம். நோயாளியை மல்லாக்கக் கிடத்தாதீர்கள், அவர் விரும்பியபடி சாய்ந்து உட்காரட்டும். ஸ்பெட்டுலாவால் நாக்கை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். இரவென்றால் நேரே தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்கு. சிறுபிள்ளை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வேக்கு.

வீட்டார் செய்வதில் ஒன்றைச் சொல்லவேண்டும். வீங்கிய கன்னத்தில் வெளியே சூடான ஒத்தடம் போடாதீர்கள். சீழ் வாய்க்குள் உடைவதற்குப் பதிலாகத் தோலை நோக்கி வந்து, தாடையில் வாழ்நாள் முழுதும் தெரியும் தழும்பை விட்டுப்போகும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளிப்பது சரி.

கழன்று விழுந்த பல்லைப் பற்றிச் சற்று நீட்டி எழுதவேண்டியிருக்கிறது. இதில்தான் நிமிடங்களைக் கணக்கிடவேண்டும். வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் உயிரணுக்கள் பல்லை எலும்போடு மறுபடி இணைப்பவை. காற்றில் உலர்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் செத்துவிடும். பம்பலப்பிட்டியிலிருந்து வார்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு மாலை ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று காலி வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆகவே பல்லைத் திரும்பப் பதிக்கவேண்டியவர் குடும்ப வைத்தியர்தான், அவருக்கு முன்பே பாடசாலை ஆசிரியரோ தாயோ பதித்தால் இன்னும் நல்லது.

முதலில் அது பாற்பல்லா என்று பாருங்கள். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் முன்பல் பெரும்பாலும் பாற்பல்லாகவே இருக்கும். பாற்பல்லைத் திரும்பப் பதிக்கவே கூடாது, மேலே காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் முளையைக் கெடுத்துவிடும். நிரந்தரப் பல் என்றால் வெள்ளை முடியில் மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் சேலைனிலோ பாலிலோ மெதுவாக அலசுங்கள். தேய்ப்பது, டெட்டோல், ஸ்பிரிட் எல்லாம் அந்த உயிரணுக்களைக் கொன்றுவிடும். குழியில் இரத்தம் உறைந்திருந்தால் ஊசிக்குழாயில் சேலைன் எடுத்துப் பீய்ச்சி அகற்றுங்கள். விறைப்பூசி போடுவதென்றால் அட்ரினலின் கலக்காத லிக்னொகேன் நல்லது. பக்கத்துப் பல்லைப் பார்த்து எது முன்புறம் என்று தீர்மானித்து, விரலால் நிதானமாக அழுத்தினால் பல் உள்ளே போகும். தடுத்தால் பலவந்தம் வேண்டாம். குழியின் எலும்புச் சுவர் நொறுங்கி மடிந்திருக்கலாம், அப்படியே பாலில் போட்டு அனுப்புங்கள். உள்ளே போனதும் மடித்த கோசையோ சுத்தமான லேஞ்சியையோ கடித்துக்கொண்டு போகட்டும்.

உடனே பதிக்க முடியாவிட்டால் பல்லைப் போடவேண்டியது குளிர்ந்த பாலில். எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மாப்பால் என்பதால் கடையில் பெட்டிப்பால் ஒன்று வாங்குங்கள், சொக்லேட், வெனிலா கலக்காத வெறும் பால். அது கிடைக்காவிட்டால் நோயாளியின் எச்சிலே போதும், ஒரு கோப்பையில் துப்பச் சொல்லிப் பல்லை அதில் அமிழ்த்துங்கள். டிஸ்பென்சரியில் சேலைன் இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு அதுவும் உதவும். பைப் தண்ணீர் கடைசித் தெரிவு. உப்புச் செறிவு இல்லாததால் உயிரணுக்கள் ஊதி வெடிக்கும். எல்லாவற்றிலும் மோசம் டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பது, அதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டாலும் வளரும் பிள்ளை என்றால் பதிப்பது நல்லது, பல் நீண்டகாலம் நிலைக்காவிட்டாலும் தாடை எலும்பின் உயரத்தைக் காப்பாற்றும்.

பிறகு பல் வைத்தியர் வளையும் கம்பியால் இரண்டு வாரத்துக்குக் கட்டிவிடுவார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர்ச்சிகிச்சை தொடங்கவேண்டும்; தவறினால் வேர் கரைந்துபோகும். மண்பட்ட காயம், கடைசி ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் ஏற்பூசி. அமொக்சிசிலின் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு, இது மேலே சொன்ன வலியிலிருந்து வேறான சங்கதி. உடைந்த துண்டோ பல்லோ எங்கும் அகப்படவில்லை என்றால் வீங்கிய உதட்டுக்குள் விரலால் தடவிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம்.

பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் வருபவர், பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் இரண்டு நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்தும் துப்பியுமே அதை நீடிப்பவராக இருப்பார். பஞ்சு வேண்டாம், அதன் இழை கட்டியில் ஒட்டி எடுக்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஈரல்போலத் தொங்கும் கட்டியை முதலில் துடைத்து அகற்றுங்கள். நனைத்த கோசை விரல் தடிப்பில் சுருட்டி, அக்கம்பக்கப் பற்களை விட உயரமாக இருக்குமாறு குழிமேல் வைத்து, கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் கடிக்கச் சொல்லுங்கள். பேச்சு வேண்டாம். நிற்காவிட்டால் இரத்தத்தை நிறுத்த உதவும் டிரனெக்ஸாமிக் அமில அம்பியூல் ஒன்றை, 5 மி.லீ.யில் 500 மி.கி. இருக்கும், கோசில் ஊற்றி மறுபடி இருபது நிமிடம். பிறகும் கசிந்தால் அட்ரினலின் கலந்த லிக்னொகேன் போட்டு, குழியின் இரு கரைகளையும் சேர்த்து 3/0 நூலால் ஒரு தையல். வோபரின் எடுப்பவர் என்றால் இரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பாருங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரின் அஸ்பிரினையோ குளோப்பிடோகிரலையோ பல்லுக்காக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைபட்டால் பல்லின் இரத்தப்போக்கு ஒரு பொருட்டே அல்ல. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, உப்புத் தண்ணீராலும்.

இரத்தமில்லாமல், பிடுங்கி மூன்றாம் நாள் வலி திடீரென்று கூடி வாயும் நாறினால் அது வெறும் எலும்பு தெரியும் வரண்ட குழி. இதற்கும் அன்டிபயோட்டிக் இல்லை. இளஞ்சூட்டுச் சேலைனால் கழுவிக் கராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்துத்துணி வைத்தால் சில நிமிடங்களில் சுகம் தெரியும். புகைப்பவர்களிடம்தான் இது அதிகம்.

பல் என்று வந்து பல்லாக இல்லாதவையும் உண்டு. படியேறினால் இடது கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறது என்பவருக்கு ஈ.சீ.ஜீ., அது இதய வலியாக இருக்கலாம்; இதில் தவறினால் திருத்த அவகாசம் கிடைக்காது. மேற்கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலித்து, குனிந்தால் கூடினால் பீனிசம். முகம் கழுவினாலே மின்சாரம்போல் விநாடிக்கணக்கில் அடிக்கும் வலி முகநரம்பினுடையது. அதற்குப் பல்லைப் பிடுங்கி, அடுத்த பல்லையும் பிடுங்கியவர்கள் இருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு போடுபவரின் ஒரு பல் மட்டும் காரணமில்லாமல் ஆடினால், பிடுங்கிய குழி மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், கன்னத்தின் உட்புறம் தடித்து வாய் குறுகி வந்தால், மூன்றாவது முறை கெப்சூல் எழுதாமல் அனுப்பிவிடுங்கள். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்.

கொட்டாவி விட்டுத் தாடை கழன்று வாய் மூடாமல் வருபவரைச் சுவரில் தலை சாயப் பதிந்த கதிரையில் இருத்தி, கோஸ் சுற்றிய பெருவிரல்களைக் கடைசிப் பல்லுக்கு வெளிப்புறத்து முரசில் வைத்துக் கீழேயும் பின் பின்னாலும் நிதானமாக அழுத்தவேண்டும். பல்லின் மேல் வைத்தால், தாடை உள்ளே விழும் கணத்தில் விரல் நசியும். அதற்கு முன் ஒரு கேள்வி: வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் எடுத்தாரா? எடுத்திருந்தால் அது மூட்டு கழன்றதாக இல்லாமல் மருந்தால் வந்த தசை இழுப்பாக இருக்கலாம்; அழுத்தாமல் அதற்குரிய முறிமருந்தைக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு வாய்க்கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, 27 கேஜ் ஊசி, லிக்னொகேன், கோஸ், தையல் நூல், டிரனெக்ஸாமிக் அம்பியூல் இரண்டு, சிங்க் ஒட்சைட்டு, கராம்பு எண்ணெய். இவற்றை ஒரு பெட்டிக்குள் போட்டுவைக்கும்படி குடும்ப வைத்தியர்களைக் கேட்கிறோம். குடும்ப வைத்தியர்களின் அமைப்புகளும் பல் வைத்தியர்களின் சங்கங்களும் சேர்ந்து, கழன்ற பல்லை என்ன செய்வதென்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் அச்சடித்துப் பாடசாலை அதிபர்களுக்கு அனுப்பலாம்.

அனுப்பும்போது ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்: எந்தப் பல், எப்போது தொடங்கியது, கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம், சீனி எவ்வளவு, ஏற்பூசி போட்டதா, வீக்கம் நேற்றைவிடக் கூடியதா. உறைகளின் மேலும் மருந்தின் பெயரை எழுதுங்கள். "மஞ்சள் குளிசை ஒண்டு, வெள்ளை ரெண்டு" என்று நோயாளி சொல்வதை வைத்து, அதே டைக்குளோபெனாக்கை நாங்களும் இரண்டாம் முறை கொடுக்க நேர்கிறது.

இப்படிக்கு,
பல் வைத்தியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.